உரப் பீப்பாயின் சூடு

நவம்பர் 14, சனிக்கிழமை

பின்முற்றத்தில் சமையல் கழிவை மக்கவைக்க நான் வைத்திருக்கும் உரப் பீப்பாயால் சின்னத் தொல்லை வந்தாலும் தூக்கிவிட வேண்டும் என்று மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாமி முன்பே சொல்லியிருந்தார். இன்று காலைக் குளிரில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. நேற்று வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட சாம்பலை அதில்தான் கொட்டியிருந்தேன். கங்கு அணையவில்லை போலும் என்று பதறி, வாளித் தண்ணீரோடு ஓடினேன்.

"ஊத்தாத, ஊத்தாத!" என்று என் கணவர் தடுத்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "நெருப்பு இல்ல, வெறும் ஆவிதான். தோலு, தேயிலைச் சக்கை எல்லாம் மக்குற சூடு. தொட்டுப் பாரேன் பயந்தாங்கொள்ளி."

தொட்டேன். பிள்ளையின் நெற்றி சுடுகிறதா என்று தினமும் பார்க்கிற கை இது. சூடு என்றாலே பயந்து பழகியது. ஆனால் இந்தச் சூட்டிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. அடுப்பும் இல்லை, ஊதுபவரும் இல்லை; தானாக வந்த சூடு. போன மாதம் போட்ட கரட் தோலைத் தேடினேன். மண்தான் இருந்தது.

"என்ன மகள், புகையுது?" மேலேயிருந்து மாமியின் குரல்.

"இறங்கி வந்து கை வச்சுப் பாருங்க மாமி" என்றேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். கையை வைத்தார். "யா அல்லாஹ், உசிரோட இரிக்கிற மாதிரியே இரிக்கி" என்றார்.

பீப்பாயைத் தூக்கச் சொல்லவில்லை. கையையும் வெகுநேரம் எடுக்கவில்லை.