முகங்களை மட்டும் பூட்டிய மத்தியானம்

என் உயிரான அக்கா,

இன்று இரத்தினபுரிக் கோர்ட்டில் உன் படங்களைத் திறந்தார்கள். திறவுச்சொல்லை நான்தான் அடித்தேன். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டதால் கொஞ்சம் நேரமானது.

மாணிக்கக் குழி வெட்ட இடம் வேண்டுமென்று அந்தக் கும்பல் நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தது. பார்வதி அத்தையின் மகன் உள்ளேயே வெந்து செத்தான். சாட்சி சொல்ல முன்வந்தவர்களைக் குருவிட்டையில் உன் ஸ்டூடியோவில் உட்கார வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, கொப்புளமும் வெட்டுக்காயமுமாகப் படமெடுத்தாய். கொழும்பு வக்கீலுக்கு அனுப்புமுன் வேறு எவரும் பார்க்க முடியாதபடி அவற்றைப் பூட்டி மறையாக்க வேண்டும். கேம்பஸில் படித்துக்கொண்டிருந்த நான் அதற்கொரு கம்ப்யூட்டர் நிரல் எழுதியிருந்தேன்.

அந்த மத்தியானம், கும்பல் கடைவீதிக்கு வந்துவிட்டதென்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, நம் பழைய கம்ப்யூட்டர் முதல் படத்திலேயே திணறிக்கொண்டிருந்தது.

"முழுசா பூட்டுனா நேரம் பத்தாதுக்கா. படத்துப் புள்ளிகள சும்மா எடம் மாத்திப் போட்டா சட்டுனு முடிஞ்சிரும். ஆனா வெவரம் தெரிஞ்சவன் திருப்பி அடுக்கிருவான்," என்றேன்.

நீ ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாய்: "ஸ்டூலயும் பின்னாடி தொங்குற தெரையயும் பாத்து அவனுக என்னா செய்யப் போறானுக? மொகத்தயும் காயத்தயும் கெட்டியா பூட்டு. மிச்சத்த கலச்சு வுடு."

அப்படியே செய்தேன். கடைசிப் படமும் வக்கீலுக்குப் போய், மூலப் படங்களை நீ அழித்து முடிக்கவும், கோடரி ஷட்டரைப் பிளக்கவும் சரியாக இருந்தது.

"சாட்சிக்காரனுக யாருடி?" கும்பல் தலைவன் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டு, உன் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். பல் தெறித்தது. நீ வாயைத் திறக்கவில்லை. தடுக்கப் போன என் விரல்களை வெட்டிவிட்டு அதே கத்தி உன் கழுத்தில் இறங்கியது. ரொம்ப வலித்ததா, அக்கா? கடைசியாக என்னைத்தானே பார்த்தாய்?

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் ஒருவனை மிரட்டிப் படங்களைத் திருப்பி அடுக்க வைத்தார்களாம். அவனே கோர்ட்டில் சொன்னான். ஸ்டூல் தெரிந்தது, திரை தெரிந்தது, வெள்ளைத் துணி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக் குப்பை. அதனால்தான் அத்தனை பேரும் இன்றைக்கு உயிரோடு வந்து நின்றார்கள்.

தன் முகம் கோர்ட்டுத் திரையில் வந்ததும் பார்வதி அத்தை எழுந்தாள். "நான்தாங்க அது. எம் மவனக் கொளுத்துனது இந்தா நிக்கிறானே, இவன்தாங்க."

உன்னை வெட்டிய அதே தலைவன். அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். எனக்கு ஆறவில்லை. அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையில் கத்தி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

நாளைக்கு ஸ்டூடியோவைத் திறக்கிறேன். அடிபட்டு வருகிறவர்களைப் படமெடுப்பேன். அவர்களாக எழுந்து நிற்கும்வரை ஒரு முகத்தையும் எவனுக்கும் காட்ட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி