அருவித் தண்ணீரில் அவிந்த பருப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிற சடங்குக்கு இந்த முறை மாட்டேன் என்றுவிட்டேன். சாமியைக் கும்பிடுவதா, தூணுக்குப் பின்னால் நிற்கிற மாப்பிள்ளையைப் பார்ப்பதா? போன வருடம் கனடா மாப்பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டதற்கு அவருடைய அக்கா சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "கலியாணம் பேச வந்தனாங்களோ, வாக்குமூலம் குடுக்க வந்தனாங்களோ?"

அம்மாவுக்குத் தீராத கவலை. "முப்பத்திநாலு வயசாச்சு சுபா. இந்த முறையாவது வாயைப் பொத்திக்கொண்டிரு."

இந்த முறை மாப்பிள்ளை நீர்வேலி ஊர். பெயர் பிரணவன், வாழைத்தோட்டம். சித்தியின் மகள் தக்சாயினிதான் கொழும்பிலிருந்து வழி சொன்னாள். அவளும் புருசனும் சிங்கராஜக் காட்டுக்கு அருவி பார்க்கப் போகிறார்களாம், நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு முழுநாள் கூடவே நடந்தால் ஆளைத் தெரியும்தானே. அவரும் ஓம் என்றாராம்.

தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்தில் வேலை எனக்கு. தினமும் தண்ணீரைப் போத்தலில் பார்க்கிறேன், அது விழுந்து கண்டதில்லை. எங்கள் குடாநாட்டில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. உண்மையில் எதற்கு இவ்வளவு ஆசைப்படுகிறேன், மாப்பிள்ளைக்கா அருவிக்கா?

அருவிக்குத்தான்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா பைக்குள் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை அடைத்துவிட்டா. "கண்ட தண்ணியைக் குடியாதை." அருவிக்குத் தண்ணீர் காவிக்கொண்டு போகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு. திரும்பும் ரயிலில்

எல்லாவற்றையும் எழுதவேண்டும், மறக்க முதல்.

நேற்று அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடந்தோம். நான் என் வழக்கப்படி கேட்டுக்கொண்டு போனேன். வாழைக்கு என்ன நோய் வரும், ஏன் தோட்டத்தை விட்டு வெளிநாடு போகவில்லை? ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில் மறுமொழி. சரி, இதுவும் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

வழியில் தக்சாயினியின் புருசனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் காட்டுவாழை. கீழே ஒரு பழம் வெடித்துக் கிடந்தது, உள்ளே முழுக்கக் கறுப்பு விதை. பிரணவன் அப்படியே குந்திவிட்டார். மழை வரமுன் அருவிக்குப் போய்த் திரும்பவேண்டும் என்று வழிகாட்டி அவசரப்படுத்தினார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இவரோடை இதிலை நிக்கிறன்" என்றார் பிரணவன்.

எனக்கு விசர் வந்தது. பொம்பிளை பாக்க வந்த மனுசன் வாழையைப் பாக்குது! நானும் தக்சாயினியும் வழிகாட்டியோடு போனோம்.

அருவி. முதலில் சத்தம், பிறகு குளிர், கடைசியில்தான் தண்ணீர். இவ்வளவு தண்ணீர், ஒருவரும் இறைக்காமல், நிற்பாட்ட ஆளில்லாமல். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. அம்மாவின் போத்தல் ஒன்று வெறுமையாக இருந்தது, நிரப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் எழும்பி நின்றார். "எப்பிடி இருந்தது?"

"வடிவு."

"வடிவெண்டா? ஒரே தாரையா விழுதோ, பாறையிலை பட்டுத் தெறிக்குதோ? கிட்டப் போக என்ன மணம் வருது? அடியிலை நிறம் என்ன?"

கேட்டுக்கொண்டே நடந்தார். நான் சொல்லச் சொல்ல அடுத்தது. பாதை முடியும்வரை அவர் விடவில்லை. என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதேயில்லை. போத்தலைக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார்.

"சப்பெண்டு கிடக்கு. ஏன்?"

"சுண்ணாம்பு இல்லை. எங்கடை தண்ணியிலைதான் அது கனக்க."

"அப்ப இதிலை பருப்புக் கெதியா அவியுமோ?"

அவிய வேண்டும். ஆனால் நான் அவித்துப் பார்த்ததில்லை. "தெரியாது" என்றேன், வெட்கமாக இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவேணும் என்று அவர் நேற்றே பஸ் ஏறிவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு சட்டி, ஒரே அளவு பருப்பு. அருவித் தண்ணீர்ச் சட்டிதான் முதலில் அவிந்தது. அம்மா இரண்டையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. "அவையளுக்கு என்ன சொல்ல?"

"ஓமெண்டு சொல்லணை அம்மா."

மார்ச் 21, வெள்ளி

நீர்வேலியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கனக்கக் கேட்டுவிட்டேனோ? வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமோ? பருப்பு அவிஞ்சதை ஆருக்குச் சொல்ல?

ஒக்டோபர் 26, ஞாயிறு. நீர்வேலி

விடியவே நல்ல மழை. மழைத்தண்ணீரும் அருவித்தண்ணீர் போலத்தானா என்ற சந்தேகம் பிரணவனுக்கு, ஓமென்று சொல்லவந்து பருப்புக் கதையைக் கேட்ட சித்திரையிலிருந்து இருக்கிறது. கூரைப் பீலியால் வடிந்ததைப் பிடித்து, பருப்புப் போட்டு, கிணற்றுத் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அடுப்பில் ஏற்றினோம். மாமி குசினி வாசலில் வந்து நின்றா.

"கிணறு முட்டத் தண்ணி கிடக்கு. உதென்ன விளையாட்டு?"

அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறுங்கோ அம்மா. நாங்கள் ஒண்டு பாக்கிறம்."