வீட்டில் எத்தனை பேர்

என்னிஸ்,
நவம்பர் 12, செவ்வாய்

அன்புள்ள ரோனன்,

நீயும் கெயிலும் குட்டி டெர்வ்லாவும் சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை உன் குரலிலேயே தெரிந்துகொண்டேன், கடவுளுக்கு நன்றி. நானும் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, அதாவது தினமும் சொல்கிறது. தொலைபேசியில் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. எழுதினால் குரல் நடுங்காது என்பதால் எழுதுகிறேன்.

மின்சாரக் கம்பெனியை மாற்றிவிட்டேன். நீ சிரிப்பாய், ஏனென்றால் அது உன் அப்பாவின் வேலை. ஒவ்வொரு அக்டோபரிலும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, "நீ நல்ல பொண்ணுதாம்மா, ஆனா நான் உங்களை விட்டுப் போறேன், உங்க முதலாளிகிட்ட ஃபின்டன் போறான்னு சொல்லு" என்று அவர் நடத்தும் நாடகம் உனக்கு நினைவிருக்கும். எந்தக் கம்பெனியிலும் அவர் இரண்டு குளிர்காலம் தங்கியதில்லை. எனக்கு அது பிடித்ததே இல்லை. ஒழுங்காக விளக்கெரிய வைக்கிறவனை விட்டு ஓடுவது நன்றாக வளர்க்கப்பட்டவர்கள் செய்யும் காரியம் அல்ல என்றுதான் கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்குத் தோன்றும். அதனால் அவர் போன பிறகு எதையும் தொடவில்லை. பில்லும் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு நோரீன்தான் என் மேசையில் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் கான்செப்டா, அந்தக் கம்பெனிக்காரன் உனக்கு மாமனா மச்சானா? கேட்டதையெல்லாம் அள்ளிக் குடுக்கிற. ஊர்ல உன்னை மாதிரி பத்து பேர் இருந்தா போதும், அவன் ஸ்பெயின்ல வீடு கட்டிடுவான்" என்றாள். அவளுக்கு வாய் அதிகம், ஆனால் கணக்கு தப்பாது.

கூப்பிட்டேன். பேச்சைக் கேட்டால் கார்க் ஊர்ப் பக்கத்துப் பெண். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்களாம். "ஃபின்டன் சார்கிட்ட ஒரு நிமிஷம் போனைக் குடுக்கிறீங்களாம்மா?" என்றாள். "அவர் ட்ரம்க்ளிஃப் கல்லறையில இருக்கார் பொண்ணே, நானும் ரெண்டு வருஷமா கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றேன். பாவம், அந்தக் குழந்தை அழுதேவிட்டது. கடைசியில் நான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. பிறகு விலையைப் பற்றிக் கேட்டேன். சலுகையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத்தான், இருக்கிறவர்களுக்கு முழு விலை என்றாள். நான் போய்விட்டுத் திரும்பி வந்தால் என்று கேட்டதற்கு, "அப்போ நீங்க புதுசும்மா, உங்களுக்குத்தான் முதல் மரியாதை" என்றாள். நியாயமா இது, நீயே சொல். அன்றைக்கே வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். உன் அப்பாவிடம் நான் தோற்றுப்போன முதல் வாக்குவாதம் இது, கேட்க அவர்தான் இல்லை.

புதிய கம்பெனி ஆளிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று தனியாக இருப்பவர்களுக்கு. மற்றது குடும்பத்துக்கு, இரவில் மின்சாரம் மலிவு, மாதக் கட்டணம் அதிகம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். நான்கு பேர் என்றேன். யோசிக்கவே இல்லை ரோனன். ஆகஸ்டில் அப்பாவின் நினைவுத் திருப்பலி முடிந்து வந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஈஸ்டருக்குள்ள வந்துடுவோம்மா, டெர்வ்லா இங்கதான் பள்ளிக்கூடம் போவா" என்று நீதான் சொன்னாய். குழந்தை உண்டா என்று அவன் கேட்டான், நான்கு வயதில் ஒருத்தி உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ வாஷிங் மெஷின் ஓயாதும்மா, குடும்பத் திட்டமே எடுத்துக்குங்க" என்று சிரித்தான். அன்றிலிருந்து உங்களுக்காகப் பின்னறை ஹீட்டரைப் போட்டு வைத்தேன், அந்தச் சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. மெத்தையை நிமிர்த்தி வைத்து உலர்த்தினேன். குழந்தைக்கு வாங்கிய போர்வைகளை வெந்நீர்த் தொட்டி இருக்கும் சூடான அலமாரியில் அடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே பெர்த்திலேயே வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னாய். கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றாய். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கூரை ஓடா தகரமா என்று கேட்டேன். அங்கே உனக்கு நல்ல வேலை, கெயிலின் பெற்றோர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், எனக்குப் புரியாமலில்லை. நீ வராதது துக்கம், அதை நான் சுமந்துகொள்வேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தாயா? உன் அப்பாவின் கண்களை மூடியது இந்தக் கைதான்.

மனம் மாறினால் இரண்டு வாரத்துக்குள் சொல்லலாம் என்பது இங்கே சட்டம். நேற்று மறுபடி கூப்பிட்டேன், வேறொருவன் எடுத்தான். திட்டத்தை மாற்ற வேண்டும், வீட்டில் ஒருவர்தான் என்றேன். அவனுக்கு எழுதியிருந்த எண்ணிக்கை குழப்பமாக இருந்தது போலிருக்கிறது, "நாலு பேர்னு இருக்கே மேடம், மத்தவங்க எப்போ வீட்டை விட்டுப் போனாங்க?" என்று கேட்டான். அவர்கள் வரவே இல்லை என்றேன். நோரீன் அப்போது தேநீருக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து என் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினாள். அவள் போன பிறகு பின்னறைக்குப் போய் ஹீட்டரை அணைத்தேன், கதவைச் சாத்தினேன்.

சரி. புது வீட்டில் மின்சாரக் கணக்கை உன் பெயரில் மட்டும் வைக்காதே, கெயிலின் பெயரையும் இன்றே சேர். இத்துடன் வீட்டைக் காக்கும் என்று நம்மூரில் மாட்டும், நாணல் பின்னிய புனித பிரிஜித் சிலுவை ஒன்றை வைத்திருக்கிறேன், வாசலுக்கு உள்பக்கம், மேலே மாட்டு, கோணலாக மாட்டாதே. அந்த வீட்டில் நோயும் சண்டையும் நுழையாதிருக்கட்டும், உன் மகள் அங்கே நன்றாக வளரட்டும், நான் தினமும் ஜெபிக்கிறேன். அவளுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடு, உனக்குக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாடு போதும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலையில் வெயில் வருமா, எல்லாவற்றையும் எனக்குச் சொல். மன்னிப்பு என்று மட்டும் ஆரம்பிக்காதே. ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவேன், வைத்த பிறகு உன் அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை.

உன் அன்பு அம்மா,
கான்செப்டா