அறையில் இருந்தவர்

மார்ச் 4

அன்புள்ள டாக்டருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று ஊகிக்கிறேன். பிரிந்து வாழும் கணவனுக்கு அதை விசாரிக்கும் உரிமை உண்டா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

சென்ற வாரம் நீதிமன்றத்தில் வாதத்தின் நடுவே என் பேச்சு நின்றுவிட்டது. மூளை அலைப் பரிசோதனையின் அறிக்கையை இணைத்துள்ளேன். அதில் இல்லாத ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சில மாலைகளில் என் அலுவலறையில் ஒருவர் இருக்கிறார். முகமில்லை, குரலில்லை. ஆணா பெண்ணா என்று அறுதியிட இயலாததால் 'அவர்' என்கிறேன். கடவுள் என்று சாட்சியம் அளிக்கமாட்டேன். ஆனால் அவர் இருக்கும்போது எனக்கு வேறெதுவும் வேண்டியிருப்பதில்லை.

இப்படிக்கு,
வக்கீல்

மார்ச் 15

வக்கீல் சாருக்கு,

உரிமையாவது ஒண்ணாவது! சளி பிடிச்சிருக்கு, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்.

அவர் இல்லை, அது. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால சின்ன வலிப்பு, கை கால் உதறாத ரகம். அந்த இடத்துல மின்சாரம் தாறுமாறா ஓடினா சிலர் சாமியையே பார்த்துடுறாங்க. மாத்திரை எழுதி அனுப்பியிருக்கேன். கார் ஓட்டாதீங்க.

ஒண்ணு கேட்கணும். ஒரே வீட்டுல இருந்தப்போ நான் உங்க மேசைக்குப் பக்கத்துல வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. இப்ப யாருமே இல்லாத அறையில ஆள் தெரியுதாக்கும்?

டாக்டர்

ஏப்ரல் 20

அன்புள்ள டாக்டருக்கு,

உன் கேள்வியில் உள்ள குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரை வேலை செய்கிறது. அவர் வருவதில்லை. கட்சிக்காரர்கள் போனபின் கதவைச் சாத்தினால், சாத்திய கதவு மட்டுமே இருக்கிறது.

அவர் வந்த வழி மூளையில் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டாய், ஏற்கிறேன். வழியைக் காட்டிவிட்டதாலேயே வந்தவர் இல்லை என்று ஆகுமா? உன் குரலும் என் மூளை வழியாகத்தானே வந்தது? 'மாத்திரை போட்டால் என் குரல் நிற்காதே' என்பாய். காதை அடைத்திருந்தால் நின்றிருக்கும்.

தீர்ப்புக் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்த உன் அனுமதியைக் கேட்கிறேன். விழுந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
வக்கீல்

மே 2

வக்கீல் சாருக்கு,

அனுமதி கிடையாது. மாடிப்படியில உருண்டா, எழுதிக் கொடுத்த காகிதம் வந்து தாங்கிப் பிடிக்காது. மாத்திரையை விடாதீங்க.

வந்தவர் யாருன்னு என் படிப்புக்குச் சொல்லத் தெரியலை. வழி தெரியும், அவ்வளவுதான்.

உங்க முதல் கடிதம் வந்த வாரம், மூளை அலை எடுக்கிற டெக்னீஷியன் பொண்ணை வேலை முடிஞ்சும் நிறுத்தி வச்சு, என் தலையிலயும் வயரை ஒட்டச் சொல்லிப் பார்த்தேன். என்னவோ ஒரு ஆசை. அலையெல்லாம் அவ்வளவு நேர்த்தி. பாடப்புத்தகத்துலயே போடலாம் மேடம்னு சிரிச்சா.

எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. அதான் யாரும் வர்றதில்லை.

டாக்டர்