டொத்தோரே உன் மகனைக் கேட்கிறார்

மச்சான்,

இன்று காலை லிஃப்ட் கதவைத் திறந்ததும் அத்தர் வாசனை மூக்கில் ஏறியது. பொலிதேயாமாப் பகுதியின் இந்தப் பழைய கட்டடத்தில் அப்படி மணப்பவர் ஒருவர்தான். நம் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன், நாம் மரியாதைக்கு டொத்தோரே என்று கூப்பிடுபவர், டுபாயிலிருந்து வந்துவிட்டார். நல்ல வாசனைதான். ஆனால் அது வந்தால் கூடவே ஏதாவது கேள்வியும் வரும் என்று நினைக்கிற பழக்கம் எனக்கு உன்னிடமிருந்து தொற்றியது.

இந்த வீட்டில் நீ சமைத்தாய், நான் துடைத்துக் கழுவினேன். இத்தாலியில் தங்கும் அனுமதி, உன்னுடைய பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கப்படாமல் இழுபட்ட நேரத்தில்தான் டொத்தோரே உன்னை டுபாய்க்குக் கூப்பிட்டார். அங்கே அவருக்கு மாடிக் கட்டடங்கள் விற்கும் தொழில். கார் ஓட்ட நம்பிக்கையான ஆள் வேண்டும், குடும்பத்தில் ஒருவனைப்போல் இருக்கலாம் என்றார். அன்று பின்னேரம் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் வாங்க நின்றபோது நீ முகத்தைச் சுளித்தாய்.

"சம்பளக்காரனை ஏன் குடும்பத்திலை ஒருத்தன் எண்டு சொல்லவேணும்? எனக்கு அதுதான் பிடிபடேல்லை."

"அப்ப போகாதை."

"போகாமல் இஞ்சை இருந்து என்ன செய்யிறது? நீயே சொல்லு."

நான் மீன்காரனுக்குக் காசைக் கொடுத்தேன். நீ போனாய்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் தொலைபேசியில் கதைப்பாய். வெளியே வெயில் தோலை உரிக்கிறது, ஒரு கடைத்தொகுதிக்குள் காசு கொடுத்துப் பனியில் சறுக்குகிறார்கள் என்று சிரிப்பாய். சில நாள் சிரிக்கமாட்டாய். டொத்தோரேயின் நண்பர் வீட்டுக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளைப் பற்றி நீ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. மண்டபம் நிறைய, விமானத்தில் வந்த பூக்கள். அடுத்த நாள் காலையில் அவை வாடக்கூட இல்லை, குப்பை லொறியில் ஏற்றினார்கள். ஏற்றிய வங்காளி ஒருவன் ஒற்றைப் பூவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினான். மேற்பார்வை பார்த்தவன் அதையும் பிடுங்கி லொறியில் எறிந்தான்.

"பூவிலை இல்லை மச்சான் விஷயம்," என்றாய். "குப்பையெண்டாலும் அது அவனுக்கில்லையாம். அதைக் காட்டிப்போட்டுத்தான் விட்டவன்."

இன்னொரு நாள் சொன்னாய்: "பாலைவனத்திலை பச்சைப் புல்லைக் கண்டா, வடிவெண்டு பாக்காதை. தண்ணி எங்கையிருந்து வருது எண்டு பார்."

டொத்தோரே வீட்டு நாய்க்குத் தனி அறை இருந்தது. ஆள் இல்லாதபோதும் அதில் ஏசி ஓடியது. உன் அறை நிலக்கீழ் கார்த் தரிப்பிடத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். காருக்குள் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு. ஏசிக்காக ஓடவிட்டால் பெற்றோல் வீணாகுமாம். இதையெல்லாம் எனக்கு மட்டும் சொன்னாய். சாவகச்சேரியில் இருந்த உன் மனைவிக்கோ நீச்சல் குளத்தடியில் நின்று எடுத்த படங்களை அனுப்பினாய்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதை. நான் சொகுசா இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

நான் சொல்லவில்லை. கடும் வெயில் காலத்தில் நீ இறந்துபோய்விட்டாய் என்று செய்தி வந்தபோதும் சொல்லவில்லை. இரவில் அறையில் தூங்கியபடியே மாரடைப்பு என்று டொத்தோரே சொன்னார். அங்கே உன்னோடு பழகிய மட்டக்களப்புச் சாரதி வேறு சொன்னான். பட்டப்பகலில் காருக்குள் கிடந்தாயாம். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை டொத்தோரே எடுத்துக்கொண்டார். பெரிய மலர்வளையமும் வைப்பித்தார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

இன்று காலை அவர் குசினிக்குள் வந்து, தன் கையாலேயே எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாத வேலை. நான் கோப்பையைத் தொடவில்லை.

"உன் நண்பனின் மகனை நான் எடுத்துக்கொள்கிறேன்," என்றார் இத்தாலியனில். "அதே வேலை, அதே அறை. அவன் தாயிடம் ஆள் மூலம் கேட்டுவிட்டேன், தயங்குகிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள்."

அதே அறை என்றதும் கேட்டுவிட்டேன்.

"டொத்தோரே, அவன் இறந்தது அறையிலா, காருக்குள்ளா?"

அறை என்றும் அவர் சொல்லவில்லை, கார் என்றும் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. "யார் உனக்குச் சொன்னது?" என்றுதான் கேட்டார்.

மத்தியானம் சிஞ்ஞோரா கண்ணயர்ந்ததும் உன் மனைவிக்கு எடுத்தேன். மணி முழுதாக அடிக்க முன்பே எடுத்துவிட்டாள்.

"அண்ணை, இவர் இருந்த இடம் நல்ல இடம்தானே? பொடியன் போறன் எண்டு நிக்கிறான்."

சொல்லிவிட்டேன், மச்சான். கார்த் தரிப்பிடம், ஜெனரேட்டர், நாயின் அறை, மட்டக்களப்பான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நீ வேண்டாமென்றதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்கு முதலே ஐமிச்சம் அண்ணை. குளத்தடியிலை நிண்டு எத்தினை படம் அனுப்பினவர். ஒண்டிலையாவது தலை நனைஞ்சிருக்கேல்லை."

"ஏன் பிள்ளை அவனிட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டா வெக்கப்படுவார். அதுதான் நானும் வடிவான இடம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

பிறகு உன் மகன் வாங்கிக் கதைத்தான். உன் குரல் அப்படியே.

"மாமா, எனக்குச் சொகுசு தேவையில்லை. வேலைதான் வேணும். இஞ்சை இருந்து என்ன செய்யிறது?"

முன்பு நீ இதையே கேட்டபோது மீன்காரனுக்குக் காசைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இன்று, "எங்கையெண்டாலும் போ. அப்பா எப்பிடிச் செத்தார் எண்டு சொல்ல மறுக்கிறவரோடை மட்டும் போகாதை," என்றேன். "சரி மாமா, அவரோடை போகேல்லை," என்றான். அவ்வளவுதான். வேறு யாரோடாவது போவானா என்று நான் கேட்கவில்லை.

பின்னேரம் டொத்தோரேயிடம் பையன் வரமாட்டான் என்றேன். பரவாயில்லை என்று தோளில் தட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி, தன் தாயை ஒரு முதியோர் இல்லத்தில் விட யோசிப்பதாகவும், இந்த வீடு இனித் தேவைப்படாது என்றும் மெதுவாகச் சொன்னார். என் கேள்வியால் வந்த யோசனையா, முன்பே நினைத்திருந்தாரா? அதையும் அறிய வழியில்லை.

நாளைக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். போகிறேன். சம்பளம், நேரம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லி முடிக்கட்டும். அதன்பிறகு உன்னைப்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்பேன்: எனக்கு முதல் இந்த வேலையைச் செய்தவர் இப்போது எங்கே?