ஸ்தோத்திரப் பெட்டியில் போட்ட சீட்டு

சந்தாபுரா,
செவ்வாய் இரவு.

அன்புள்ள சாலமன் அண்ணா,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் இருப்பவர்களுக்கும் வேண்டாம், வக்கீல் ரங்கநாதன் சாருக்கும் வேண்டாம், அப்பா மனுப் போட்டு உன்னைப் பார்க்க வந்தால் அவரிடம் இப்படி ஒரு கடிதம் வந்தது என்றே சொல்லாதே. படித்ததும் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடு. சிறைக்கு வருகிற தபாலைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால், மாதாமாதம் அங்கே ஜெபம் பண்ண வரும் டோரதி அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை காலை ஐந்தரைக்கு அவர்கள் வேன் பெலகாவிக்குப் புறப்படுகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

முதலில் அம்மா சொன்னது. சாயங்காலம் அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சொல்லச் சொல்ல எழுதினேன். என் மகன் சாலமனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுந்ததும் படுத்ததும் கேட்டுக்கொள்கிறேன். என் வலது கை இன்னும் தூக்க வரவில்லை, பக்கவாதம் வந்தால் அப்படித்தான், ஒரு வருஷம் ஆகும் என்றார்கள், இப்போது எட்டு மாதம் ஆகிறது. வாய் மட்டும் முன்னைவிடத் தெளிவாகப் பேச வருகிறது. அப்பா பொம்மசந்திராவில் அதே கம்பெனியில்தான் இருக்கிறார், இந்த வாரம் பகல் ஷிப்ட். லீனாவுக்கு மார்ச்சில் பரீட்சை. எதிர்வீட்டு மமதா ஆன்ட்டி வாரத்தில் இரண்டு நாள் ராகிக் களி, அந்த முத்தே, கிண்டிக் கொண்டுவந்து தருகிறாள், நல்லவள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டாள். அங்கே குளிர் அதிகம் என்று டோரதி சொன்னாள், கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரை வேறு யாருக்கும் தானம் பண்ணாமல் நீயே போட்டுக்கொள். யாரோடும் வாய்ச்சண்டை வேண்டாம். கொடுக்கிற சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

கடைசியில் எழுதச் சொன்ன ஆசீர்வாதத்தைத் தவிர இவ்வளவுதான் அம்மா சொன்னது. பிறகு அழுதார்கள், மாத்திரை போட்டதும் தூங்கிவிட்டார்கள். இனி நான் எழுதுவது. போன மாதம் நீ ஆண்டவரை ஏற்றுக்கொண்டதாக டோரதி அக்கா மூலம் சொல்லி அனுப்பினாய் அல்லவா, அதைக் கேட்டு அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை, சந்தோஷத்தில். அடுத்த ஞாயிறு சபையில் போட ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். நம் சபையில் வாசல் பக்கம் இரண்டு தகரப் பெட்டி இருப்பது உனக்குத் தெரியும். விண்ணப்பப் பெட்டியில் போட்டால் பாஸ்டர் தனியாக வைத்து ஜெபிப்பார், யாருக்கும் தெரியாது. ஸ்தோத்திரப் பெட்டியில் போட்டால் பாஸ்டரம்மா மைக்கில் வாசிப்பார்கள். நீ போன பிறகு நான் எழுதிய எத்தனையோ சீட்டுகளை விண்ணப்பப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை எழுதியது நன்றிதானே என்று யோசிக்காமல் ஸ்தோத்திரப் பெட்டியில் போட்டுவிட்டேன். அம்மா எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பாஸ்டரம்மா எப்படி வேகமாக வாசிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். ஹெப்பகோடி சகோதரருக்கு வேலை நிரந்தரமானது, எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஒரு குழந்தைக்கு டெங்கு குணமானது, ஸ்தோத்திரம். அதே வேகத்தில், என் மகன் சாலமன் சிறையில் இயேசுவை ஏற்றுக்கொண்டான், அவன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று வாசித்தார்கள். பெயர் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவர்களுக்கே புரிந்தது, மீதியை வாசிக்காமல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் சபை நிற்கவில்லை. பழக்கத்தில் எல்லாரும் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன் வரிசையில் எலிசபெத் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சொன்னார்கள், என் காதில் விழுந்தது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்கள். மகன் விமல் அண்ணன் செத்து மூன்று வருஷமாகியும் அவர்கள் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை, நம் முகத்தைப் பார்த்ததும் இல்லை. அப்பா எழுந்து அம்மாவின் வீல் சேரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். 

போன புதன்கிழமை எலிசபெத் ஆன்ட்டி நம் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வேலையில் இருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்கள், உள்ளே வாங்க என்று அம்மா சொன்னதற்கு, "உள்ள வர்றதுக்கு நான் இன்னா விருந்துக்கா வந்தேன்" என்றார்கள். "உன் புள்ளைக்கு மோட்சம் கெடச்சிடுச்சாமே தனலக்ஷ்மி, சபையே ஸ்தோத்திரம் சொல்லுச்சு, நானும் சேந்து சொன்னேன், வாய்ப்பழக்கம் பாரு" என்றார்கள். அம்மா இடது கையால் கும்பிட்டார்கள். ஆன்ட்டி அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துப் பேசினார்கள். "என் புள்ள ஞானஸ்நானம் எடுக்கல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லிட்டிருந்தான். சபைக்குக் கூப்ட்டா கிண்டல் பண்ணுவான். குடிச்சிட்டு ஏரிக்கரையில செத்துக் கெடந்தான். இப்ப அவன் எங்க இருக்கான்னு பாஸ்டரைக் கேட்டேன். பேச்சை மாத்துறாரு. அவனை அடிச்சவனுக்கு இடம் இருக்குது, அடிபட்டவனுக்கு இல்லையா?"

 நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன், ஆன்ட்டி வாங்கவில்லை. பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "கேஸு, அப்பீலு எதுவும் எனக்கு வேணாம். அவன் வெளிய வந்தா வரட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. உயிர் போறப்ப என் புள்ள இன்னா சொன்னான்? ஆண்டவரேன்னு கூப்ட்டானா? ஒரு வார்த்தை கூப்ட்டிருந்தாப் போதும், சிலுவையில தொங்குன திருடனுக்கே போதுமா இருந்துச்சு. அதைக் கேட்டவன் உலகத்துல உன் புள்ள ஒருத்தன்தான்" என்றார்கள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்கள். தெருமுனை வரை போய் அங்கே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள், நான் ஜன்னலில் பார்த்தேன்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை, மமதா ஆன்ட்டி வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா உடனே வக்கீலுக்குப் போன் செய்தார். அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்ததும், "அவ போன்ல ரெக்கார்ட் பண்ண வந்திருப்பா, இவ கை கூப்பி உக்காந்திருக்கா" என்று அம்மாவைத் திட்டினார். ஹைகோர்ட் விசாரணை அடுத்த மாதம் இருபத்தி மூன்றாம் தேதி. நீ அன்று இரவு ஏரிக்கரைக்கே போகவில்லை என்பதுதான் நம் கட்சி. அங்கே இல்லாதவன் விமல் கடைசியில் பேசியதை எப்படிச் சொல்ல முடியும். ஒரு வரி எழுதினாலும் எல்லாம் போய்விடும், ஆயுள் தண்டனை அப்படியே நிற்கும் என்கிறார் அப்பா. உனக்கு யாரும் எழுதக் கூடாது, டோரதி அக்கா நம் வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். அப்பாவைத் தப்பாக நினைக்காதே அண்ணா. அவர் ராத்திரி எழுந்து உன் பழைய சட்டையை மடித்து மடித்து வைக்கிறார். உன்னைத் திரும்பப் பார்க்காமல் செத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்.

நம் கட்சி நிற்பது என் சாட்சியத்தில்தான், உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது போலீசிடம் சொன்னேன், அடுத்த வருஷம் கோர்ட்டிலும் சொன்னேன், அண்ணன் ஏழு மணியிலிருந்து என்னோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான் என்று. செஷன்ஸ் ஜட்ஜ் நம்பவில்லை, சின்னப் பெண், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீ ஒருத்தன்தான். அன்று அம்மாவும் அப்பாவும் கே.ஜி.எஃப்பில் மாமா வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார்கள். நீ எத்தனை மணிக்கு வந்தாய், எப்படி வந்தாய் என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும். அப்பா இந்த மூன்று வருஷத்தில் என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. அம்மாவும் கேட்டதில்லை. ஆனால் புதன்கிழமை ராத்திரி, "அவன் அங்க இருந்தானா இல்லையானு எனக்குத் தெரியாது, இருந்திருந்தா அந்தத் தாய்க்கு அவன் பதில் சொல்லியாகணும், நான் பெத்தவ சொல்றேன்னு எழுது" என்றார்கள். இன்று சாயங்காலம் மறுபடியும் அதையே சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணா, நான் உன்னைவிட ஏழு வயது சின்னவள், கேட்கக் கூடாதுதான். ஆனால் சிறையில் நீ எதை மன்னிக்கச் சொல்லிக் கேட்டாய்? நான் ஒன்றும் செய்யவில்லை என்று கோர்ட்டில் சொல்லிக்கொண்டே ஆண்டவரிடம் எதைச் சொன்னாய்? நான் ஞாயிறு வகுப்பில் பாஸ்டரைக் கேட்டேன், உன் பெயரைச் சொல்லாமல், ஒருத்தர் பெரிய பாவம் செய்துவிட்டு விசுவாசித்தால் உள்ளே விடுவாரா என்று. விடுவார், ஜாதி, மதம், யோக்கியன், அயோக்கியன் எதையும் பார்க்க மாட்டார், நம்பி வந்தால் போதும், நாம் சம்பாதித்து உள்ளே போகிற இடம் இல்லை அது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தால் நீயும் போவாய், நானும் போவேன், ஆன்ட்டியும் வருவார்கள். அங்கே வந்து நம்மைப் பார்த்துவிட்டு முதலில் தன் மகனைத்தான் தேடுவார்கள். அப்போது நாம் என்ன செய்வோம்? இதைப் பாஸ்டரிடம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு திருவிருந்து, பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. போன மாதமே நான் தட்டு வந்தபோது வயிற்றுவலி என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு யோசனை எனக்கு வந்தது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கூப்பிட்டான், இயேசுவே என்றான் என்று நீ ஒரு வரி சொல்லி அனுப்பினால் போதும், ஆன்ட்டி அதைப் பிடித்துக்கொண்டு சாகும் வரை நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்தேன். டோரதி அக்காவிடம் வாயால் சொன்னால் சாட்சியும் இருக்காது. அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.  அம்மா, "அவ புள்ளையை ஒருதரம் எடுத்தாச்சு, இப்ப பொய்யா ஒரு புள்ளையக் குடுக்கறதா" என்றார்கள். அதனால் நீ அப்படிச் செய்யாதே. விமல் அண்ணன் கூப்பிட்டிருந்தால் கூப்பிட்டார் என்று சொல். உன்னைத் திட்டினார் என்றால் திட்டினார் என்று சொல். ஒன்றுமே சொல்லவில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது என்றால் அதையும் சொல். ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட அது அவர்களுக்கு மேலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவர்களுடையது, நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவின் ஆசீர்வாதம் இது, தூங்குவதற்கு முன்னால் கடைசியாகச் சொல்லி எழுதச் சொன்னார்கள். ஆண்டவர் உன் கையை விட மாட்டார், நீயும் அவர் கையை உதறாதே, உண்மையைச் சொன்னால் வரும் நாட்களையும் அவரே உன்னோடு உட்கார்ந்து கழிப்பார். பல்வலி என்றாயே, டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. டோரதி அக்கா சனிக்கிழமை திரும்புகிறார்கள், பதிலை அவர்களிடம் கொடு.

இப்படிக்கு,
உன் அம்மாவும், அம்மா கைக்குப் பதிலாக எழுதும் உன் தங்கை லீனாவும்.

அண்ணா, மடித்துவிட்டுத் திரும்பவும் பிரித்தேன். உனக்குப் போதிக்கிறேனே, நான் என்ன செய்தேன் என்று நினைத்தேன். நீ ஒருவேளை எனக்காகத்தான் பேசாமல் இருக்கிறாயோ, பொய்ச்சாட்சி என்று என்னைப் பிடித்துவிடுவார்கள் என்று. அப்படியானால் இனி அது வேண்டாம். சனிக்கிழமை வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நாளை பள்ளிக்கூடம் விட்டதும் எலிசபெத் ஆன்ட்டி வீட்டுக்குப் போகிறேன். அன்று ராத்திரி நீ வீட்டில் இல்லை, பதினொன்றேகாலுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன், சட்டையை நான்தான் துவைத்தேன் என்று சொல்லிவிடுவேன்.  நான் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நீ மறைக்க ஒன்றும் இருக்காது, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வது உனக்குச் சுலபமாக இருக்கும். அப்பாவை நினைத்தால்தான்

கதவைத் தட்டுகிறார்கள், காகிதச் சத்தம் கேட்டிருக்கும். லீனா, யாருக்கு எழுதுற, தொற என்கிறார் அப்பா, அவர் குரல் அழுகிற மாதிரி