ஏகாதசியன்று பட்ட கறை

10-8-1996, சனி. ஏகாதசி.

இன்று முழு உபவாசம். துளசி தீர்த்தம் தவிர வாயில் எதுவும் படவில்லை. பன்னிரண்டு நாளாக விடாமல் குடித்த பீட்ரூட், கேரட் ஜூஸையும் இன்று அரைக்கவில்லை.

மார்பில் கட்டி இருப்பதை, சரஸ்வதிபுரத்துப் பஜனைக்கு வரும் கமலாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். "டாக்டர்கிட்ட போனா கத்தியத்தான் எடுப்பாங்க அக்கா. ஒரு மண்டலம் ஜூஸ் குடிங்க, கரைஞ்சே போயிடும்" என்றாள். என் வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஜூஸ் குடிப்பது சுலபமாக இருந்தது.

போன வாரம் இரண்டு முறை ரவிக்கையில் சிவப்புக் கறை பார்த்தேன். குடிக்கும்போது சிந்தியிருப்பேன் என்று துவைத்துப் போட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது மகள் கீதா சிரித்தாள். "ஏம்மா, சின்னக் கொழந்த மாதிரி மறுபடியும் ஜூஸ மேல ஊத்திக்கிட்டயா? நோடும்மா, ஜாக்கெட்ல!" என்று கன்னடம் கலந்து சொல்லிக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். அதே இடத்தில், கட்டிக்கு நேராக, ஈரமாக ஒரு புள்ளி. இன்று நான் ஒரு சொட்டு ஜூஸ்கூடக் குடிக்கவில்லை.

"ஆமாண்டி, சிந்திடுச்சு" என்றேன். விரத நாளில், பெற்ற பெண்ணிடம் பொய்.

அவர் பக்கத்தில் தூங்குகிறார். இரண்டு முறை தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். பெருமாளே, துவாதசி பாரணை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று மனசு இன்னும் தள்ளிப்போடத்தான் பார்க்கிறது. வேண்டாம். இப்போதே எழுப்பப் போகிறேன்.